மூன்றே பெயர் உள்ள மாதம்

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். கொள்ளைநோய் பரவுவதைக் கணக்கிடும் நேரியலற்ற சமன்பாடுகளில் ஆய்வு செய்ய விருப்பம். அதற்காக 1348-49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கறுப்புச் சாவு என்ற பிளேக் பற்றிப் படிக்கப் போய், அந்தக் காலத்து ஆயர்களின் (பிஷப்புகளின்) இலத்தீன் பதிவேடுகளில் மாட்டிக்கொண்டேன். 'கணிதம்தான் சிந்தனை, ஆவணக்காப்பகம் வெறும் தரவு, வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிடு' என்கிறார் என் வழிகாட்டி. எனக்கும் அது சரி என்றே படுகிறது. இரண்டு துறையில் கால் வைத்தால் உருப்பட முடியாதா? இலத்தீன் கற்பது வீண்வேலையா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டு துறையில் கால் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வேலை கிடைக்குமா என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை உங்கள் வீட்டு நிலைமை தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் 'வெறும் தரவு' என்ற அந்த வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. உங்கள் வழிகாட்டி சொன்னார், போகட்டும். அந்தப் பதிவேடுகளைப் பார்த்த பிறகும் உங்களுக்கு அது சரி என்று படுகிறதே, அதுதான் எனக்குக் கோபம்.

என்ன பார்த்தீர்கள் அவற்றில்? ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்வட்டத்தைப் பங்கு என்பார்கள். பங்குக் குரு இறந்தாலோ விலகினாலோ ஆயர் புதியவரை நியமிப்பார். எழுத்தர் நாள், கோயில், புதியவர் பெயர், அவரை முன்மொழிந்த புரவலர் பெயர் என்று எழுதிக்கொண்டே போவார். இடம் காலியானது சாவினாலா, விலகியதாலா என்பதைச் சில நேரம் எழுதுவார், சில நேரம் விட்டுவிடுவார். லிங்கன் ஆயர் ஜான் கின்வெல்லின் பதிவேட்டை வரலாற்றாசிரியர் ஹாமில்டன் தாம்சன் இப்படி வரி வரியாக எண்ணி 1911இல் வெளியிட்டார். ஹம்பர் ஆற்றிலிருந்து தேம்ஸ் வரை நீண்டு கிடந்த மறைமாவட்டம் அது, அந்த ஆயரின் ஆளுகைப் பரப்பு. குருக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் செத்திருக்கிறார்கள் என்று கணக்கு வந்தது.

அந்த 40ஐ எடுத்துக்கொண்டு ஓடிவரப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். பங்கு ஒன்றைத் தன் பெயரில் வைத்திருந்த குருக்களின் கணக்கு அது. கூலிக்குப் பூசை வைத்த ஏழைக் குருக்கள் அதில் வரமாட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் வரவே மாட்டார்கள். அதிலிருக்கும் தேதி அடுத்தவர் நியமிக்கப்பட்ட தேதி. முந்தையவர் செத்து அதற்குள் சில வாரங்கள் ஓடியிருக்கும். உங்கள் வளைவரையின் உச்சமே அந்த வாரங்களால் இடம் மாறிவிடும். சாகக்கிடப்பவரின் படுக்கையருகே போவது குருவின் கடமை. அதனால் மற்றவர்களைவிட அதிகம் செத்தார்களா? இல்லை, நல்ல சாப்பாடும் நல்ல வீடும் இருந்ததால் குறைவாகச் செத்தார்களா? இதையெல்லாம் யோசிக்காமல் அந்த எண்ணை எந்தச் சமன்பாட்டில் போடுவீர்கள்?

அப்புறம் உங்கள் சமன்பாடு. கெர்மாக்கும் மெக்கன்ட்ரிக்கும் 1927இல் எழுதியதைத்தானே சொல்கிறீர்கள்? எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. கெர்மாக் இளம் வயதில் ஆய்வக விபத்தில் கண்ணிழந்தவர். மெக்கன்ட்ரிக் இந்தியாவில் மருத்துவராக இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர். தொற்றியவர் எண்ணிக்கையையும் தொற்றாதவர் எண்ணிக்கையையும் பெருக்குகிறார்களே, அந்த ஒரு பெருக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டும் இரட்டித்தால் புதுத் தொற்று நாலு மடங்கு. நேரியலற்றது என்பது இதுதான். ஊரில் எல்லாருக்கும் வந்து தீரும் முன்பே நோய் அடங்கிவிடும் என்பதும் அதிலிருந்தே வருகிறது. தொற்றாதவர் தொகை ஒரு வரம்புக்குக் கீழே போனால் நெருப்புக்கு விறகு போதாது.

ஆனால் அதை எந்தக் கணக்கோடு பொருத்திக் காட்டினார்கள்? 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கில் செத்தவர்களின் வாரக் கணக்கு. வளைவரை புள்ளிகளின்மேல் கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்தப் பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்த நோய். மனிதரிடம் தெரிவது எலிகளிடம் நடப்பதன் நிழல்தான், இந்தக் கணக்கு தோராயம்தான் என்று கட்டுரையிலேயே எழுதிவைத்த நேர்மையாளர்கள் அவர்கள். பிற்காலத்தில் எடுத்துக் காட்டியவர்கள் பலர் அந்த வரிகளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பம்பாயில் பிளேக் ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் ஏறி, வெயில் முற்றியதும் இறங்கிய நோய். 1906இல் அது இறங்கியது விறகு தீர்ந்ததாலா, பருவம் மாறியதாலா? வளைவரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. மற்ற ஆண்டுகளின் கணக்கையும் புரட்டியவருக்குத்தான் தெரியும்.

என் அப்பா உபதேசியார், அதாவது கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தருபவர், கடற்கரையை ஒட்டிய ஒரு சின்னப் பங்கில். கல்லூரியில் கணிதம் படித்தபோது ஒரு விடுமுறையில் கோயிலின் பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்துவைத்து மாதவாரியாக எண்ணினேன். ஓரமெல்லாம் பொடிந்த தாள், திறந்தாலே கரப்பான் நெடி. வாந்திபேதி வந்த வருஷம் என்று ஊரில் சொல்லும் ஆண்டு. மாதத்துக்கு 7, 8 என்று ஏறி, 19 ஆகி, அடுத்த மாதம் 3. நோய் அடங்கிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, மூன்றாவது பெயருக்குக் கீழே விரலை வைத்தார். அதுவரை சாய்ந்த, மெல்லிய எழுத்து. அதற்குப் பிறகு குண்டு குண்டாக வேறொருவர் கை.

"எழுதுறவரே படுத்துட்டாருல்லா. பொறவு யாரு எழுதுவா?" என்றார்.

அந்த மாதத்தில்தான் பனை விளைக்குள் குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்களாம். அப்பாவின் பாட்டி சொன்னது.

நீங்கள் தேடும் ஆயர் பதிவேடுகளிலும் இது இருக்கிறது. இங்கிலாந்தின் பாத்-வெல்ஸ் மறைமாவட்ட ஆயர் ரால்ஃப் 1349 ஜனவரியில் எழுதிய கடிதத்தைக் கண்டுபிடித்துப் படியுங்கள். நோயாளிகளிடம் போகக் குருக்கள் கிடைக்கவில்லை. சாகும் நேரத்தில் குரு இல்லையென்றால் யாரிடமாவது பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யலாம், ஆண் யாரும் இல்லையென்றால் ஒரு பெண்ணிடம்கூடச் செய்யலாம் என்று அனுமதி கொடுக்கிறார். அந்தக் காலத்து ஆயர் ஒருவர் இப்படி எழுத நேர்ந்தது எப்படிப்பட்ட வாரமாக இருந்திருக்கும்? இதைத் தரவு என்று எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

இலத்தீன் கட்டாயம் படியுங்கள். இலக்கணத்தைவிடச் சுருக்கெழுத்துதான் உங்களைப் பாடாய்ப்படுத்தும். பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள். 'பெர்' என்ற சொல்லே 'பி' எழுத்தின் காலில் குறுக்காக இழுத்த ஒரு கோடுதான். 'பெர் மோர்டெம்', அதாவது சாவினால், என்று வரும் இடங்களை முதலில் எண்ணுங்கள். எப்படிக் காலியானது என்று எழுதாமல் விட்ட வரிகளைத் தனி நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டு நிரம்பியதும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.