போர்ஷனை முடிப்பதா, கழித்தல் சொல்லித்தருவதா?

கேள்வி: அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 34 பேர். அதில் 11 பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை, இன்னும் 4 பேருக்கு வாய்ப்பாடு ஐந்தோடு நின்றுவிட்டது. புத்தகத்திலோ விகிதமும் விகித சமமும் வந்து நிற்கிறது. பார்வையிட வந்த அலுவலர், 'எத்தனை பாடம் முடித்தீர்கள், கற்றல் விளைவு அடைந்தார்களா' என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். கழித்தலில் உட்கார்ந்தால் பாடம் நகராது. பாடத்தை நகர்த்தினால் இந்த 15 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சட்டப்படி நான் எதைச் செய்ய வேண்டும்? பாட வரிசையை மாற்றலாமா? பாடக்குறிப்பில் என்ன எழுதுவது? எட்டாம் வகுப்புக்கும் இதேதானா?

பதில்:

டீச்சர், சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நீங்கள் பயப்படுவது அதற்குத்தான், ஆனால் நிதானமாகப் படித்தால் அது உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. அதில் ஒரு வரி, குறித்த காலத்துக்குள் கலைத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது. அதற்கு அடுத்த வரியே, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்பது. முதல் வரியைக் கேட்கிற அலுவலர்கள் நிறைய, இரண்டாவது வரியைக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் இரண்டுக்கும் எடை ஒன்றுதான், கழித்தல் சொல்லித்தந்த நேரத்தை யாரும் 'வீணாக்கிய நேரம்' என்று எழுத முடியாது. (உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நிறுவனமாக இருந்தால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் பாடமும் புத்தகமும் அதேதான் என்பதால் மற்றதெல்லாம் உங்களுக்கும் சரிவரும்.)

அப்புறம், 'கலைத்திட்டம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்டாஃப் ரூமில் கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் மூன்றையும் சேர்த்து 'போர்ஷன்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், பாதி குழப்பம் அங்கேதான். கலைத்திட்டம் என்பது பிள்ளை எந்த வயதில் என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலம் வகுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துடையது. அதை வகுப்புவாரியாக, தலைப்புவாரியாகப் பிரித்தால் பாடத்திட்டம். அதைச் சொல்லித்தர ஒரு வழியைக் காட்டுவது பாடநூல். எல்லாப் பயிற்சிக் கணக்கையும் கரும்பலகையில் போட்டு முடித்தால்தான் கலைத்திட்டம் முடிந்ததாகும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, அது நாமாகக் கட்டிக்கொண்ட சுமை.

கற்றல் விளைவுக்கு வருவோம், அதாவது ஒரு வகுப்பை முடிக்கும்போது பிள்ளைக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை. 2017-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளைத் திருத்தி, வகுப்புக்கு வகுப்பு கற்றல் விளைவுகளை வரையறுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதே ஆண்டு தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தொடக்க நிலைக்கான பட்டியலை வெளியிட்டது. அதில் மூன்றிலக்க எண்களைக் கடன் வாங்கியும் வாங்காமலும் கூட்டிக் கழிப்பது மூன்றாம் வகுப்பின் விளைவு. அளவுகளை விகிதத்தால் ஒப்பிடுவது ஆறாம் வகுப்பின் விளைவு. ஆக உங்கள் 11 பேரும் மூன்றாம் வகுப்புப் பாக்கியோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அடைந்தார்களா' என்று அடுத்த முறை கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர் எந்த வகுப்பின் விளைவில் நிற்கிறார்கள் என்று எண்ணோடு சொல்லுங்கள். அந்தப் பட்டியலின் உண்மையான பயன் அதுதான், டிக் அடிக்கும் படிவமாக அது மாறிப்போனது நம் துரதிர்ஷ்டம்.

இந்தப் பாக்கிக்கு நீங்களோ, தொடக்கப் பள்ளி ஆசிரியரோ மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். குச்சியும் கட்டும் வைத்து இட மதிப்பு பழக வேண்டிய வயதில் நிறையப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அதை ஈடுகட்டத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித்தரும் முறை. இப்போது அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை 2025-ல் தொடங்கிய 'திறன்' திட்டமும் உங்களுடைய இதே சிக்கலைத்தான் குறிவைக்கிறது.

இன்னொரு காரணம் கலைத்திட்டத்தை மாற்றும் விதத்திலேயே இருக்கிறது, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. அச்சடிக்கவும் பயிற்சி கொடுக்கவும் அது வசதி, சரி. ஆனால் 2017-18-ல் பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் படித்த பிள்ளை, ஜூனில் நேராகப் புதிய ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தது. அந்தப் புத்தகத்துக்கு அடித்தளமான புதிய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வந்ததோ 2019-20-ல்! நடுவில் விட்டுப்போனதை ஆறாம் வகுப்பு ஆசிரியர்தான் சத்தமில்லாமல் நிரப்பினார், அதற்கென்று ஒரு பாடவேளைகூட யாரும் ஒதுக்கவில்லை. இனி எப்போது புத்தகம் மாறினாலும், உங்கள் வகுப்புக்கு முந்தைய வகுப்பின் புத்தகமும் மாறியிருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

சரி, வகுப்புக்குள் போவோம். நான் பல வருடம் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது இரண்டே கணக்கு.

52-லிருந்து 27 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. 300-லிருந்து 148 போனால் 162 என்று இன்னொரு பிள்ளை எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் நாம் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, 'கழித்தல் தெரியவில்லை' என்று ஒரே பட்டியலில் சேர்ப்போம். ஆனால் முதல் பிள்ளை ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்று பார்த்ததும், திருப்பி 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிக்கொண்டது. 'பெரிசிலிருந்து சின்னதைக் கழி' என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை அது இன்னும் விசுவாசமாகப் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்கிற உணர்வே அதற்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறைப் பிரித்துப் பத்துப் பத்துகள் ஆக்கிவிட்டது, அதில் ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்தபின் மிச்சம் ஒன்பது என்பதை மட்டும் மறந்துவிட்டது. விடை 152 வர வேண்டிய இடத்தில் 162 வருவது அதனால்தான். இந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் போதும். முதல் பிள்ளைக்குக் குச்சியும் ரப்பர் பேண்டும் எடுத்துக் கையால் கட்டவும் அவிழ்க்கவும் வைத்து, குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் குச்சியா என்று கூச்சப்படாதீர்கள், நான் பார்த்தவரை பிள்ளைகள் கூச்சப்படுவதில்லை, நாம்தான்.

அதனால் அந்த 11 பேரையும் ஒரே கும்பலாகப் பார்க்காமல், 47-23, 52-27, 80-36, 300-148, அதோடு கடையில் மீதிச் சில்லறை வாங்குவது போல ஒரு வாக்கியக் கணக்கு என்று ஐந்தே ஐந்து கொடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், என்ன விடை எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 80-36-க்கு 44 வராமல் 56 என்று வந்தால் அது முதல் வகை. வாக்கியக் கணக்கில் மட்டும் விழுந்தால் அது பெரும்பாலும் தமிழ் வாசிப்புச் சிக்கல், அதற்கு நீங்கள் தமிழாசிரியரிடம்தான் போக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு நிம்மதி தரக்கூடிய ஒரு விஷயம். விகிதப் பாடத்துக்குக் கடன் வாங்கிக் கழித்தல் பெரிதாகத் தேவையே இல்லை! 12 : 18 என்பதை 2 : 3 ஆக்க வேண்டும் என்றால் வேண்டியது ஆறாம் வாய்ப்பாடு. அதாவது இந்த மாதம் உண்மையிலேயே தடுக்கி விழப்போகிறவர்கள் வாய்ப்பாடு ஐந்தோடு நின்ற அந்த நால்வர்தான், கழித்தல் தெரியாத 11 பேர் இல்லை. அவர்களை முதலில் பிடியுங்கள். கழித்தல் குழுவுக்குத் தினமும் முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள், வாரத்துக்கு ஏழு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் 105 நிமிடம் கிடைக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தில் முந்தைய நாள் பயிற்சியைச் செய்யட்டும். கழித்தலுக்கு உண்மையான கெடு இரண்டாம் பருவத்தில் பட்டியல், லாபம், நட்டம் வரும்போதுதான், அங்கே கடன் வாங்காமல் ஒரு கணக்கும் நகராது. இப்படி எந்தப் பாக்கி எந்தப் பாடத்தை அடைக்கிறது என்று பார்த்துவிட்டால் 'எல்லாவற்றையும் முதலிலிருந்து' என்கிற மலைப்பு பாதியாகக் குறையும்.

ஒன்று மட்டும், 'மெல்லக் கற்போர்' என்று தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் கழித்தல் வந்த பிறகும் போகாது.

பாட வரிசையை ஒரு பருவத்துக்குள் தாராளமாக மாற்றலாம், பருவத் தேர்வு மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் வருகிறது. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பாடத்திட்டப் பதிவேட்டில் தேதியோடு குறித்துவிடுங்கள். பருவம் தாண்டி மாற்றாதீர்கள், வினாத்தாள் உங்களுக்காகக் காத்திருக்காது. விகிதம் முதல் பருவத்திலும் பின்னம் மூன்றாம் பருவத்திலும் இருப்பது எனக்கே பிடிக்காத வரிசைதான். அதற்காகப் பின்னப் பாடத்தை முழுசாக இழுத்து முன்னால் கொண்டுவர வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் படித்த சமான பின்னங்களை ஒரே ஒரு பாடவேளை நினைவுபடுத்திவிட்டு விகிதத்துக்குள் போங்கள், போதும். தகவல் செயலாக்கம் மாதிரிப் பாடங்களை வேகமாக, விளையாட்டாக நடத்தி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பாடக்குறிப்பில் நீளமாக எழுதாதீர்கள், மூன்று வரி போதும். 'கற்றல் விளைவு, வகுப்பு 6: அளவுகளை விகிதத்தால் ஒப்பிடுதல். முன் தேவை: 10 வரை வாய்ப்பாடு, 4 பேருக்கு இல்லை. குறைதீர் கற்பித்தல்: முதல் 15 நிமிடம், கழித்தல், வகுப்பு 3 விளைவு, 11 பேர்.' இரண்டு வாரம் கழித்து அந்த 11 எட்டாகியிருந்தால் எட்டு என்று எழுதுங்கள், பதினொன்றாகவே இருந்தால் அதையும் எழுதுங்கள். குறையாத எண்ணும் ஒரு தகவல்தான். அலுவலர் வந்தால் அந்த மூன்று வரியையும், பிள்ளைகள் தேதியோடு எழுதிய ஐந்து கணக்குத் தாளின் முதல் பிரதி, இரண்டாம் பிரதி இரண்டையும் காட்டுங்கள். நான் பார்த்தவரை, தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பாட எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் அபூர்வம்.

மதிப்பீட்டிலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2012-13-ல் முப்பருவ முறையோடு வந்த ஏற்பாட்டில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு 60, பருவம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-ல் பாதி செயல்பாடுகளுக்கு, அது பெரும்பாலும் ஸ்டேஷனரிக் கடைப் படங்களாகவும் அம்மா வெட்டி ஒட்டிய சார்ட்டாகவும் முடிந்துபோகிறது. அதற்குப் பதிலாக, குச்சிக் கட்டை வைத்து 300-148-ஐ வகுப்பு முன்னால் விளக்கச் சொல்லுங்கள். அதுவும் செயல்பாடுதான், மதிப்பெண்ணும் நியாயமாகப் போகும்.

தேசிய அடைவு ஆய்வை (2024-ல் அது 'பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண்' என்று பெயர் மாறியது) நினைத்தும் சிலர் பயப்படுகிறார்கள். அது மாதிரிப் பள்ளிகளை எடுத்து நடத்தும் ஆய்வு, மாவட்டம், மாநிலம் என்ற அளவில்தான் முடிவு வரும். ஒரு ஆசிரியரை எடைபோட அதில் ஒன்றுமில்லை, அதற்காக மாதிரி வினாத்தாள் தேய்க்க வேண்டாம்.

எட்டாம் வகுப்பு வேறு கதை. அந்தப் பிள்ளைகள் அடுத்த ஜூனில் வேறொரு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் கண் முழுக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியின் மேல், அந்த 35 மதிப்பெண்ணின் மேல்தான் இருக்கும். அங்கே குச்சிக் கட்டுக்கு நேரம் கிடைக்காது. அதனால் எட்டில் மட்டும் முன்னுரிமையை மாற்றிக்கொள்ளுங்கள். குறை எண்களின் கூட்டல் கழித்தல், பின்னம், எளிய சமன்பாடு, இந்த மூன்றும் கையோடு போக வேண்டும், மற்றது முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கத் தாள் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள், என்ன வரும், எது இன்னும் தடுக்குகிறது என்று இரண்டே வரி, கீழே உங்கள் கையெழுத்து. மதிப்பெண் பட்டியலில் 62 என்று மட்டும் பார்க்கிற அந்த ஆசிரியருக்கு, இந்தப் பிள்ளை 300-148-க்கு 162 எழுதுகிற பிள்ளையா, 52-27-க்கு 35 எழுதுகிற பிள்ளையா என்று சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.