கேம்பஸ் போலீஸைக் கூப்பிடலாமா, கூடாதா?

கேள்வி: என் மகள் ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் போகிறாள். அங்கே ‘கேம்பஸ் போலீஸ்’ என்று தனியாக இருக்கிறதாம். நம் ஊர்க் கல்லூரி வாட்ச்மேன் மாதிரியா, நிஜப் போலீஸா? எதற்கெல்லாம் அவர்களைக் கூப்பிடலாம்? போலீஸ் பதிவில் பெயர் வந்தாலே விசாவுக்குச் சிக்கல் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: நிஜப் போலீஸ்தான் ஐயா. மாநிலச் சட்டப்படி பயிற்சி முடித்து, உறுதிமொழி எடுத்து, இடுப்பில் துப்பாக்கியோடு வேலைக்கு வருகிறவர்கள். கைது செய்யும் அதிகாரம் உண்டு. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு நகரப் போலீஸார் இருவரைத் தனியாக ஒதுக்கியதில் இந்த ஏற்பாடு தொடங்கியது. 2011-12 கல்வியாண்டில் அமெரிக்க நீதித்துறை எடுத்த கணக்கெடுப்பில், பெரிய அரசுக் கல்லூரி வளாகங்களில் 92 சதவீதம் இப்படி முழு அதிகாரம் பெற்ற காவலர்களை வைத்திருந்தன. தனியார் வளாகங்களில் அது 38 சதவீதம்தான்; மற்றவற்றில் கைது அதிகாரம் இல்லாத பாதுகாப்பு ஊழியர்கள். உங்கள் மகள் சேர்வது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அநேகமாக முதல் வகைதான். பல்கலைக்கழக இணையதளத்தில் ‘போலீஸ் டிபார்ட்மென்ட்’ என்று போட்டிருக்கிறதா, ‘செக்யூரிட்டி’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இப்போது அந்த விசா பயம். இதைத்தான் நான் முதலில் உடைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தால் பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டு, பொருளைப் பறிகொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவராகவோ, சாட்சியாகவோ புகார் கொடுத்தார் என்பதற்காக மாணவர் விசாவைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. சிக்கல் வருவது வேறு இடத்தில்: கைதானால், குற்றம் சாட்டப்பட்டால். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். கடையில் தானே பில் போடும் கவுண்டரில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அங்கே திருட்டு வழக்குதான். 21 வயது ஆகாதவர் கையில் மது இருப்பதும் குற்றம்.

2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கிப் படிப்பதற்கான பதிவுகளை அமெரிக்க அரசு திடீரென்று முடித்துவைத்தது நினைவிருக்கும். குற்றப் பதிவுத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடி எடுத்த பட்டியல் அது. தள்ளுபடியான வழக்கு, சின்ன டிராஃபிக் விவகாரம் என்று இருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். வழக்குகள் குவிந்த பிறகு அந்த மாத இறுதியிலேயே அரசு பின்வாங்கியது. ஆகவே எந்த வழக்காக இருந்தாலும், அது முடிந்தது என்பதற்கான நீதிமன்றத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விசா விண்ணப்பப் படிவம் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா’ என்று கேட்கும். விடுதலையாகியிருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். அப்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

சரி, எப்படிக் கூப்பிடுவது? உயிருக்கு ஆபத்து, தீ, நடந்துகொண்டிருக்கும் குற்றம் என்றால் 911. மற்றதற்கெல்லாம் கேம்பஸ் போலீஸின் பத்து இலக்க எண். செல்பேசியிலிருந்து போகும் 911 பல இடங்களில் நகர அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து கேம்பஸுக்கு மாற்றப்படும். அதனால் அந்தப் பத்து இலக்க எண்ணையும் போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. எடுத்ததும் ‘என்ன ஆச்சு தெரியுமா’ என்று கதையைத் தொடங்கக் கூடாது. எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த வாசல் என்று இடத்தை முதலில் சொல்ல வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்தாலும் ஆள் வந்து சேர்வார். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லையா? ‘தமிழ் இன்டர்பிரெட்டர்’ என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலேயே இணைக்கும் வசதி பல கட்டுப்பாட்டு அறைகளில் இருக்கிறது. கை தவறி 911 அழுத்திவிட்டால் உடனே கட் செய்யாமல், தவறுதலாக அழைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். சொல்லாமல் வைத்தால் திரும்பக் கூப்பிடுவார்கள், சில சமயம் கதவையே வந்து தட்டுவார்கள். போலீஸ் வருவதற்குப் பணம் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் பெரும்பாலும் பில் வரும். மாணவர் காப்பீடு எவ்வளவு தரும் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

பல வளாகங்களில் நடைபாதையோரம் உச்சியில் நீல விளக்கு எரியும் கம்பங்கள் நிற்கும். பொத்தானை அழுத்தினால் நேராகக் கட்டுப்பாட்டு அறை. வாய் திறக்க முடியாவிட்டாலும் எந்தக் கம்பம் என்று அவர்களுக்குத் தெரியும். இரவில் நூலகத்திலிருந்து அறைவரை துணைக்கு வரும் சேவை, சைக்கிளின் வரிசை எண்ணைப் பதிவு செய்வது, தொலைந்த பொருள்களை வாங்கி வைப்பது எல்லாமும் பொதுவாக இவர்கள் வேலையில் சேரும். பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு இவர்களோடு முதல் சந்திப்பு பெரும்பாலும் சமையலறையில்தான். எண்ணெய் காய்ந்து, மிளகாய் வற்றலும் கடுகும் போட்டுத் தாளிக்கும் புகையில் ஃபயர் அலாரம் அலறும். கட்டடம் முழுவதும் காலியாக வேண்டும். அதற்காக யாரையும் கைது செய்வதில்லை. ஆனால் அடுத்த முறை அலறக் கூடாது என்று புகை உணர்கருவியை பிளாஸ்டிக் பையால் மூடி வைப்பார்கள் பாருங்கள், அதற்குத்தான் தண்டனை. அபராதம், ஒழுங்கு நடவடிக்கை, சில நேரம் அறையே போய்விடும். தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்டைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் கேம்பஸ் போலீஸிடமே புகார் கொடுத்து அறிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளலாம். மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் தூதரகம் அந்த அறிக்கையைக் கேட்கும். நம் ஊரில் எஃப்.ஐ.ஆர். போட நடக்கிற நடை அங்கே இல்லை. தொலைந்த பொருளுக்குப் பல துறைகள் இணையத்திலேயே புகாரை ஏற்கின்றன.

போலீஸே மகளை நிறுத்தினால்? காரில் இருந்தால் இறங்கவே கூடாது. இங்கே இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. அங்கே அது அவர்களுக்கு மிரட்டலாகப் படும். ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைக்க வேண்டும். லைசென்ஸ் கைப்பையில் இருந்தால், ‘பையிலிருந்து எடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும். ‘டிக்கெட்’ எனப்படும் அபராதச் சீட்டில் கையெழுத்துக் கேட்டால் போடலாம், அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. அதில் குறிப்பிட்ட தேதிக்குள் அபராதம் கட்டவோ, நீதிமன்றத்தில் முறையிடவோ மறக்கக் கூடாது. மறந்தால் பிடியாணை வரைக்கும் போகலாம்.

விசாரணை என்று உட்கார வைத்தால் பொய் சொல்ல வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். ‘நான் போகலாமா?’ என்று கேட்கலாம். விடவில்லை என்றால், ‘வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை’ என்று பணிவாகச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கலாம். அது சட்டம் தரும் உரிமை, அங்கே படிக்க வந்தவருக்கும் உண்டு. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். இந்தியர் விஷயத்தில் கேட்காமல் தெரிவிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் உடனே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, ‘கேம்பஸ் போலீஸ் பேசுகிறேன், உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் பணம் அனுப்புங்கள்’ என்று போன் வரும். திரையில் உண்மையான போலீஸ் எண்ணே தெரியும், அதைப் போலியாகக் காட்டுவது சுலபம். எந்தப் போலீஸும் போனில் பணம் கேட்பதில்லை. வைத்துவிட்டு, தன்னிடம் உள்ள எண்ணில் தானே கூப்பிட்டு விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முன் நீங்களே ஒன்று செய்யலாம். 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மூன்று ஆண்டுக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். அந்த அறிக்கை இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். எண்களோடு நிறுத்தாமல், பாலியல் குற்றங்களைப் பற்றி யாரிடம் புகார் செய்வது, ரகசியம் காக்கும் ஆலோசகர் எங்கே இருக்கிறார் என்ற பக்கங்களை மகளோடு சேர்ந்து படியுங்கள். போலீஸில் புகார், பல்கலைக்கழகத்தில் புகார் என்று அங்கே இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்றையோ இரண்டையுமோ எடுக்கலாம்.

கடைசியாக உங்களுக்கு. மகள் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை என்றால் பேராசிரியரையோ அலுவலகத்தையோ கேட்டுப் பயன் குறைவு. 18 வயதான மாணவரின் விவரத்தைப் பெற்றோரிடமும் சொல்லத் தனியுரிமைச் சட்டம் அவர்களைத் தயங்க வைக்கும். கேம்பஸ் போலீஸைக் கூப்பிட்டு ‘வெல்ஃபேர் செக்’ வேண்டும் என்று கேளுங்கள். ஆள் அனுப்பிக் கதவைத் தட்டி, நலமா என்று பார்ப்பார்கள். மதுரையிலிருந்து 911 அழுத்தினால் அங்கே போகாது. அதனால் 001 சேர்த்து அந்தப் பத்து இலக்க எண்ணை இப்போதே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி மகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, விடுதிப் பெயர், அறை எண், அறைத்தோழியின் எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கூப்பிட்டால் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.