பிரிட்டனில் கிளினிக்கல் அட்டாச்மெண்ட்: யாரிடம் கேட்பது, எப்போது போவது?

கேள்வி: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் வேலை செய்ய எழுதும் பிளாப்பில் முதல் தேர்வில் தேறிவிட்டேன். பிரிட்டனில் கிளினிக்கல் அட்டாச்மெண்ட் (மருத்துவமனையில் மருத்துவர்களோடு இருந்து அவர்கள் வேலையைப் பார்த்துப் பழகுவது) கேட்டு நிறைய மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. ஏஜெண்ட் மூலம் போகலாமா?

பதில்: ஏஜெண்ட் வேண்டாம். உங்களைச் சேர்த்துக்கொள்வது கன்சல்டண்டும் (துறையின் மூத்த சிறப்பு மருத்துவர்) மருத்துவமனையும்தான். அவர்களை நீங்களே கேட்கலாம். சில மருத்துவமனைகள் கட்டணம் வாங்கும், அதை நேரடியாகக் கட்டுவதில் தவறில்லை.

முதலில் எப்போது போவது என்று முடிவு செய்யுங்கள். விசிட்டர் விசாவிலேயே அட்டாச்மெண்ட் செய்யலாம். சம்பளம் கிடையாது, நோயாளிக்குச் சிகிச்சை தரக்கூடாது, மருத்துவமனையின் எழுத்துபூர்வமான உறுதி கையில் இருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இதற்கு முன் பிரிட்டனில் அட்டாச்மெண்ட் செய்திருக்கக் கூடாது. ஒரே வாய்ப்பு என்பதால், கிடைத்த இடத்தில் அவசரப்பட்டுச் சேராதீர்கள். பிளாப் இரண்டாம் தேர்வுக்கு எப்படியும் மான்செஸ்டர் போகவேண்டும். தேர்வு முடிந்த கையோடு அட்டாச்மெண்ட்டை வைத்துக்கொண்டால் படிப்புக் கவலை இருக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கன்சல்டண்டுக்கும் உங்களை நன்றாக நினைவிருக்கும்.

அடுத்து மின்னஞ்சல். எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். லண்டனின் பெரிய போதனா மருத்துவமனைகளை விட்டுவிட்டு, சிறிய ஊர்களின் மாவட்டப் பொது மருத்துவமனைகளைப் பாருங்கள். நீங்கள் வேலை தேடப்போகும் துறையில் ஒரு கன்சல்டண்டைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரிட்டு எழுதுங்கள். எந்தத் தேதிகள், எத்தனை வாரம், ஏன் அந்தத் துறை, பிளாப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். இரண்டு பக்க சி.வி.யை இணையுங்கள். அவருடைய செகரட்டரிக்கும் நகல் போகட்டும். கன்சல்டண்டின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் செகரட்டரிதான். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து, செகரட்டரியிடம் இணைக்கச் சொல்லிப் பேசுங்கள். தயங்கவே வேண்டாம், இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கன்சல்டண்ட் சரி என்றதும், மருத்துவர்களின் நியமனத்தைக் கவனிக்கும் மெடிக்கல் ஸ்டாஃபிங் பிரிவு ஆவணங்கள் கேட்கும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பாற்றல், காசநோய்ப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள். பிரிட்டனின் மருத்துவ கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவு தேவையில்லை.

அங்கே போனபின் ஓரமாக நின்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். காலை ஹேண்ட்ஓவரிலிருந்து (பணி முடித்த மருத்துவர்கள் அடுத்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது) வார்டு ரவுண்ட் முடியும்வரை கூடவே இருங்கள், ஒரு ஆடிட்டில் (சிகிச்சையின் தரத்தைச் சரிபார்க்கும் ஆய்வு) பங்கு கேளுங்கள். கடைசி வாரத்தில் கன்சல்டண்டிடம், வேலைக்கு ரெஃபரன்ஸ் தருவீர்களா என்று நேரடியாகக் கேட்டு, அவருடைய என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள்.