வேலை மாறும்போது பிஎஃப்-ஐ எடுக்கலாமா?

தம்பி, நாலு வருட பிஎஃப் பணத்தை எடுத்து பைக் கடனை அடைக்கலாமா, அப்பா வேண்டாங்கிறார்னு கேட்டிருக்கீங்க. அப்பா சொல்றதுதான் சரி, ஆனால் உங்களுக்கான காரணம் வேறு.

அவர் 2003 ஏப்ரலுக்கு முன் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர். கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி ஓய்வூதியம், அதோடு அகவிலைப்படியும் உண்டு. உங்களுக்கு அது கிடையாது. உங்க பிஎஃப்-இல் முதலாளி போடும் பங்கில் ஓய்வூதியத்துக்குப் போவது, சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 8.33 சதவீதம், மாதம் 1,250 மட்டுமே. ஓய்வூதியக் கணக்கு, சம்பளம் × பணி வருடம் ÷ 70. அந்த உச்சவரம்பில் 30 வருடம் வேலை பார்த்தாலும், 20 வருடம் தாண்டியதற்குக் கூட்டும் 2 வருடத்தையும் சேர்த்து 15,000 × 32 ÷ 70, மாதம் சுமார் 6,860 ரூபாய்தான். 10 வருடப் பணி சேராவிட்டால் அதுவும் இல்லை. இப்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் இந்த நாலு வருடப் பணிக்கணக்கும் அழியும்; 5 வருடம் ஆகாததால் வரியும் விழும்.

அதனால் எடுக்காமல் புதிய கம்பெனியின் பிஎஃப் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்க. யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்க பிஎஃப் எண்) தளத்தில் பழைய கம்பெனியின் விலகல் தேதி பதிவாகியிருக்கா பாருங்க. பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். இல்லையென்றால், விலகி 2 மாதம் கழித்து நீங்களே பதியலாம். ஆதாரிலும் பிஎஃப்-இலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கணும். மாற்றிய பின் புதிய பாஸ்புக்கில் ஓய்வூதியத் தொகை பூஜ்யம் காட்டினால் பதறாதீங்க, பணிக்காலம் சேர்ந்திருக்கான்னு மட்டும் பாருங்க.