பச்சை ஊசிகளின் அடையாளம்: குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட் பற்றிக் கேள்வி பதில்

குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட் என்னும் அரிய யுரேனியக் கனிமத்தைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் பலர் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி எழும் ஐயங்களை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: ஐயா, இவ்வளவு நீளமான பெயர் இதற்கு எப்படி வந்தது?

மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரியின் நினைவாக, ஷின்கோலோப்வே சுரங்கத்தில் கிடைத்த ஒரு மக்னீசிய யுரேனிய சிலிகேட்டுக்கு 1924-இல் ஸ்க்லோடோவ்ஸ்கைட் என்று பெயரிட்டார்கள். அச்சுரங்கம் உள்ள கங்கோவின் கட்டாங்கா பகுதியிலேயே அதைப் போன்ற செப்புக் கனிமம் கிடைத்து, 1933-இல் அது விவரிக்கப்பட்டபோது, செம்பைக் குறிக்கும் 'குப்ரோ' என்ற முன்னொட்டு சேர்ந்தது. இரண்டின் படிக அமைப்பும் ஒன்றல்ல என்பது பின்னர் தெளிவானாலும் பெயர் நிலைத்துவிட்டது.

கேள்வி: என்னிடம் உள்ள கல்லில் பச்சை நிற ஊசிகள் இருக்கின்றன. கைகர் கருவியை அருகில் கொண்டுபோனால் வேகமாக ஒலிக்கிறது. இது குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட்தான் என்று முடிவு செய்யலாமா?

முடிவு செய்ய வேண்டாம். எனக்கு வரும் தவறான அடையாளங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கருவி அளப்பது கல் முழுவதிலிருந்தும் வரும் கதிர்வீச்சையே தவிர, நீங்கள் லென்ஸில் பார்க்கும் அந்த ஊசியிலிருந்து மட்டும் வருவதை அன்று. யுரேனினைட் என்ற யுரேனிய ஆக்சைடு படிந்த கரும்பாறையின் மேல், மாலகைட் என்ற சாதாரணப் பச்சைச் செப்புக் கார்பனேட்டின் ஊசிகள் வளர்ந்திருந்தாலும் கருவி அதே வேகத்தில் ஒலிக்கும்.

ஆகவே முதலில் பத்து மடங்கு லென்ஸில் வடிவத்தைப் பாருங்கள். குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட் ஒரு மையத்திலிருந்து விசிறிபோல் விரியும் மெல்லிய, பளபளப்பான, புல்பச்சை ஊசிகளாக இருக்கும். என்னிடம் உள்ள மாதிரியில் தீக்குச்சித் தலையளவு குழி ஒன்றில் இத்தகைய ஊசிக்கொத்துகள் நெருங்கி நிற்கின்றன. கல்லைச் சற்றுத் திருப்பினால் அவை ஒவ்வொன்றாக மின்னி மறைவதைப் பார்க்கலாம். சதுரத் தகடுகளாக அடுக்கியிருந்தால் அது மெட்டாடோர்பெர்னைட்டாகவோ, கண்ணால் அதிலிருந்து பிரித்தறியவே முடியாத மெட்டாசூனரைட்டாகவோ இருக்கலாம். கரும்பச்சைப் படிகங்களாயின் வாண்டன்பிராண்டைட்டை நினைவில் வையுங்கள். அதுவும் இதே கட்டாங்கா படிவுகளில் கிடைப்பதுதான்.

வடிவம் பொருந்திய பிறகும் ஐயம் நீங்கவில்லை என்றால், மின்னணு நுண்ணோக்கியுடன் கூடிய எக்ஸ் கதிர்த் தனிமப் பகுப்பாய்வு உதவும். செம்பும் யுரேனியமும் சிலிக்கானும் சேர்ந்து தெரிய வேண்டும். சிலிக்கானுக்குப் பதில் பாஸ்பரஸ் தெரிந்தால் மேலே சொன்ன மெட்டாடோர்பெர்னைட் அடங்கிய டோர்பெர்னைட் குழுவைச் சேர்ந்தது; ஆர்சனிக் தெரிந்தால் மெட்டாசூனரைட் அடங்கிய சூனரைட் பக்கம்; செம்பும் யுரேனியமும் தெரிந்து இம்மூன்றும் இல்லையென்றால் வாண்டன்பிராண்டைட்டாக இருக்கலாம். ஐயத்துக்கு இடமில்லாத முடிவு வேண்டுமானால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு (X-ray diffraction) ஆய்வுதான் வழி. மாலகைட் பொங்கும் என்பதற்காக அமிலத் துளி விட்டுப் பார்க்க வேண்டாம். மாதிரியும் கெடும், கரைந்த யுரேனியமும் கையில் வந்து சேரும்.

கேள்வி: புற ஊதா விளக்கில் என் மாதிரி ஒளிரவே இல்லை. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. ஆட்டூனைட் என்ற மற்றொரு யுரேனியக் கனிமம் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளீரென்று ஒளிர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். படிகத்திலுள்ள செம்பு அந்த ஒளிர்வை அடக்கிவிடுகிறது. பச்சை ஊசிகளே பிரகாசமாக ஒளிர்ந்தால்தான் நீங்கள் ஐயப்பட வேண்டும்.

கேள்வி: வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா? குழந்தைகள் இருக்கிறார்கள்.

இக்கனிமத்தின் எடையில் ஏறத்தாழ 53 விழுக்காடு யுரேனியம் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். சிறு மாதிரியிலிருந்து வெளியே வரும் கதிர்வீச்சு, தொலைவு கூடக் கூட விரைவாகக் குறையும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். ஆல்ஃபா கதிர்களை ஒரு தாளே தடுத்துவிடும். பீட்டாவை ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பெட்டி பெரும்பாலும் தடுத்துவிடும். நான் உண்மையில் அஞ்சுவது தூசிக்குத்தான். வெளியில் இருக்கும்போது தோலைக் கூடத் தாண்டாத அதே ஆல்ஃபா துகள், மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் திசுக்களைத் தாக்கும்.

ஒருமுறை மாதிரியை வேறு பெட்டிக்கு மாற்றியபோது, மேசையில் எதுவும் சிந்தியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் வழக்கம்போல் ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாளைக் கைகர் கருவியின் முன் பிடித்தேன்; கருவி சடசடவென்று ஒலித்தது. முடியிழையைவிட மெல்லிய ஓர் ஊசி முறிந்து ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து ஊசிகளைத் தொடுவதும், தூரிகையால் துடைப்பதும், காற்று ஊதிச் சுத்தம் செய்வதும் என்னிடம் இல்லை. கையுறை அணிந்து, கழுவக்கூடிய தட்டின் மேல் வைத்துக் கையாண்டு, முடித்ததும் கைகளைக் கழுவிவிடுங்கள். உணவு உண்ணும் மேசை இதற்கு உரியதன்று.

மற்றோர் ஆபத்து, யுரேனியம் சிதைவதால் பிறக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு. மூடிய பெட்டிக்குள் அது சில வாரங்களில் சேர்ந்துவிடும். எனவே பெட்டியைத் திறந்த வெளியில் திறவுங்கள். படுக்கையறையில் வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள, பூட்டிய, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியே தக்க இடம். பெட்டியின் மேல் கதிரியக்கக் குறியும் இருக்கட்டும்.

கேள்வி: நேரடியாகச் சுரங்கத்தில் தேடி எடுக்க முடியுமா?

ஷின்கோலோப்வே 2004-இல் அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது. புகழ்பெற்ற மாதிரிகள் பலவற்றைத் தந்த முசோனோயும் கங்கோவில் உள்ள சுரங்கப் பகுதிதான். கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கப் பாதைக்குள் நுழைவதை, ரேடான் தேங்குவதாலும் கூரை இடிந்து விழக்கூடும் என்பதாலும், நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய சேகரிப்புகள் கைமாறும்போது வாங்குவதே நல்ல வழி. வாங்குவதற்கும் அஞ்சலில் பெறுவதற்கும் முன், யுரேனியக் கனிமங்களை வைத்திருப்பது பற்றிய விதிகளை உங்கள் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பிடம் கேட்டறியுங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: மாதிரியோடு வந்த பழைய பெயர்ச் சீட்டில் பெயர் தவறாக இருக்கிறது. எடுத்துவிட்டுப் புதியது எழுதலாமா?

புதியதை எழுதுங்கள், பழையதை எறியாதீர்கள். எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்ற செய்தி பெரும்பாலும் அந்த மஞ்சளடித்த தாளில் மட்டுமே இருக்கும். தவறான பெயரை ஆய்வு திருத்திவிடும். தொலைந்த இடப்பெயரை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. இரண்டு சீட்டுகளையும், ஆய்வு முடிவின் படியோடு சேர்த்து, மாதிரியின் தூசி படாத தனி உறையில் வையுங்கள்.