டென்ட் தைக்கிற பொண்ணை மெடிசினுக்குத் தள்ளாதீங்க

கோலாலம்பூர் செந்தூல்லேர்ந்து ஒரு அக்கா மகளோட வந்திருந்தாங்க. பள்ளிக்கூடக் கடைசி பரீட்சை எஸ்பிஎம் முடிச்ச புள்ள, ரிசல்ட் நல்லாவே இருக்கு, பெரியப்பா வீட்டுல எல்லாரும் தனியார் காலேஜ்ல மெடிசின் போடு, குடும்பத்துல ஒரு டாக்டர் வேணும்னு நெருக்குறாங்க, இவளோ தையல் மெஷின விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறா, என்ன பண்றதுன்னே தெரியலன்னு கண் கலங்கிட்டாங்க.

அக்கா, பயப்படாதீங்க, ஆனா சும்மா ஆறுதல் சொல்லி அனுப்புறதுக்கு நான் இல்ல. பல தனியார் காலேஜ்ல மெடிசினுக்கு மூணு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆகும், பிடிபிடிஎன் அரசு படிப்புக் கடன் அத்தனையும் தராது, மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கணும். அஞ்சு வருஷம் படிச்சு வந்தாலும் 2016 டிசம்பர்லேர்ந்து புது டாக்டருங்களை கவர்மென்ட் கான்ட்ராக்ட்லதான் எடுக்குது, நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைக்கிறதில்ல. பெரியப்பா பீஸ் கட்டப் போறதில்ல, நீங்கதான் கட்டணும். புள்ளையே மெடிசின் கேட்டிருந்தா விண்ணப்ப பாரம் நிரப்ப நானே உக்காந்து உதவி பண்ணுவேன், அவ கேக்கல.

யூனிவர்சிட்டிக்கு முந்தின எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் படிப்பு பத்தியெல்லாம் ஏற்கனவே நிறைய பேர்கிட்ட கேட்டுட்டீங்க, அதை விடுங்க. உங்க பொண்ணு அவளோட அக்கா மகனுக்கு பழைய திரைத்துணியில ஒரு விளையாட்டு டென்ட் தைச்சுக் கொடுத்தாளாம், பக்கத்து வீட்டுல ரெண்டு கேட்டிருக்காங்க. இதை யாரும் கண்டுக்கல, நான் கண்டுக்கிறேன்.

அவ கொண்டு வந்த டென்ட்டை விரிச்சுப் பாத்தேன். கம்பு நுழையற மடிப்புல ரெட்டைத் தையல், முனையில திரும்ப அடிச்சிருக்கா, இழுத்தா பிரியல. ஆனா காட்டன் கேன்வாஸை துவைக்காம வெட்டியிருக்கா. காட்டன் சுருங்கும்மா, முதல் துவையல்லேயே மடிப்பு இறுகி கம்பு உள்ள போகாது, வாங்கினவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. ஆறடி கம்பை அப்படியே கூரியர்ல போட்டா சைஸுக்கு காசு கறந்துடுவான், ரெண்டா வெட்டி நடுவுல ஜாயின்ட் வைக்கணும். நம்ம கேஎல் புழுக்கத்துக்கு பின்னாடி வலை ஜன்னல் இல்லாம புள்ளைங்க உள்ள அஞ்சு நிமிஷம் இருக்காது. கட்டுற நாடாவை நீளமா விடவே கூடாது, கழுத்துல சுத்திக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலேசியாவுல பொம்மைக்கு 2009லேர்ந்து சட்டம் இருக்கு, எம்சிங்கிற பாதுகாப்பு முத்திரை இல்லாம விக்கக் கூடாது. குழந்தை உள்ள நுழையற டென்ட்டுக்கு தீ டெஸ்ட்டும் உண்டு, துணியில நெருப்பு செகண்டுக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல பரவுனா பெயில். டெஸ்ட் பண்ற நிறுவனம் சிரிம்ல எவ்வளவு ஆகும்னு முதல்ல கேட்டு அந்த காசையும் விலையில சேர்த்துக் கணக்கு போடுங்க, அவ உக்காந்து தைக்கிற மணிக்கும் கூலி போடுங்க, புள்ளை வேலைதானேன்னு சும்மா விட்டுடாதீங்க.

ஷோப்பி ஆன்லைன் கடையில வர்ற சைனா டென்ட்டோட விலையில மோதவே வேணாம், தோத்துடுவா. தாடிக்கா (பாலர் பள்ளி), தஸ்காவுல (குழந்தைக் காப்பகம்) புத்தகம் படிக்கிற மூலைக்கு, அவங்க சொல்ற அளவுல, டென்ட்டுல பேர் தைச்சுக் கொடுக்கட்டும். பிறந்தநாளுக்கு வாடகைக்கும் விடலாம், ஒரே டென்ட் திரும்பத் திரும்ப காசு கொண்டு வரும்.

படிப்பை விடச் சொல்லலக்கா. கொலேஜ் கொமுனிட்டின்னு அரசு தொழிற்கல்லூரியில பேஷன் சிஜில் (சான்றிதழ் படிப்பு) இருக்கு, பீஸ் ரொம்ப கம்மி, பேட்டர்ன் வெட்ட ஒழுங்கா கத்துக்குவா, சாயங்காலம் வந்து ஆர்டர் தைக்கட்டும். 18 வயசானதும் தொழில் பதியற எஸ்எஸ்எம்ல பதிஞ்சிடுங்க, சொந்தப் பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர்னா 60. துணிக்கு கேஎல்ல துணிக்கடைங்க இருக்கிற ஜாலான் டிஏஆர் போங்க, முதல்ல சாம்பிளுக்கு மட்டும் வாங்குங்க, ரோல் கணக்குல வேணாம். சின்ன தொழிலுக்கு கடன் தர்ற அரசு நிறுவனம் டெக்குன்ல நம்ம இந்தியர்களுக்குன்னு ஸ்பூமி கடன் இருக்குதான், ஆனா இப்ப தொடவே தொடாதீங்க. இருக்கிற மெஷின்லயே தைச்சு ஒரு தாடிக்காவாவது திரும்ப ஆர்டர் கொடுக்கட்டும், அப்புறம் பழைய ஹைஸ்பீட் மெஷின் ஒண்ணு கையில இருக்கிற காசுலயே வாங்கிக்கலாம்.