ஆறு மாத அனுபவத்தில் மூன்று சான்றிதழ்களா?

தீயணைப்புப் பணியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆபத்தான ரசாயனம், கயிற்று மீட்பு, அதிகாரி நிலைப் பயிற்சி மூன்றுக்கும் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிகாரிப் பயிற்சியை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். குழாயைப் பிடித்துப் பழகாதவர் குழுவுக்குக் கட்டளையிட்டால் யார் கேட்பார்கள்? ரசாயனத்தில் அடிப்படை நிலை மட்டும் போதும், அதை எடுத்துவிடுங்கள். லாரி கவிழ்ந்த இடத்தில் எங்கே நிற்கக்கூடாது என்றாவது தெரியும். கயிற்று மீட்பு, உங்கள் நிலையத்தில் அதற்கான குழு இருந்தால் மட்டும். பழக்கம் விட்டால் முடிச்சு கைக்கு மறந்துபோகும். முதலுதவிச் சான்றிதழ் இல்லையென்றால் அதுதான் முதலில். பல நிலையங்களுக்குத் தீயைவிட மருத்துவ அழைப்புகளே அதிகம்.

மிச்ச நேரத்தை, புகைக்குள் போகும்போது முதுகில் காற்று சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவியோடு கழியுங்கள். சிலிண்டரில் 30 நிமிடம் என்று எழுதியிருக்கலாம். முழு உடுப்போடு குழாயை இழுத்து மாடி ஏறிப் பாருங்கள், அதற்கு வெகு முன்னாலேயே காற்று குறைகிறது என்று எச்சரிக்கை மணி அடித்துவிடும். உங்களுக்கு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துவையுங்கள். ஆளுக்கு ஆள் மாறும். கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் தேடித் திறந்து பழகுங்கள். புகைக்குள் கண் உதவாது.

அப்புறம், ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதி, மூத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பதவி உயர்வு நேர்முகத்தில் கேள்வி வந்தால் எடுத்துச் சொல்ல அது கையில் இருக்கும்.